ஒரு நாட்டின் தண்ணீரை எதெல்லாம் தீர்மானிக்கிறது? பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

#1 மழைக்குருவி

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் எடுக்கிறேன். அடுத்து வருவது தண்ணீர்ப் பாடம். ஆரம்பிப்பதற்கு முன்னால், "ஒரு நாட்டில் தண்ணீர் ஏன் பற்றாமல் போகிறது?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இரண்டே பதில். மழை பெய்யவில்லை. மக்கள் வீணாக்குகிறார்கள்.

இரண்டும் பொய் இல்லை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை இத்தோடு நின்றுவிட்டால், நாளைக்கு ஓர் அணைத் தகராறைப் பற்றியோ, நிலத்தடி நீர் வற்றுவதைப் பற்றியோ செய்தி படிக்கும்போது என்ன விளங்கும்? வானத்தைக் குறை சொல்லும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டைக் குறை சொல்லும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற பயிர், பாறை, குழாய், ஒப்பந்தம், அரசின் முடிவு எதுவும் கண்ணில் படாது.

கையில் இருப்பது நீர்ச்சுழற்சிப் படம்தான். கடல், மேகம், மலை, ஆறு. அதில் ஒரு மனிதர் இல்லை, ஓர் எல்லைக்கோடு இல்லை. அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வு நிறுவனமே 2022-ல் தன் நீர்ச்சுழற்சிப் படத்தைப் புதிதாக வரைந்து, வயல், நகரம், தொழிற்சாலை, நிலத்தடி நீரை இறைக்கும் பம்பு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. அதைத்தான் சுவரில் மாட்டப் போகிறேன். அதற்கு மேல் என்ன செய்யலாம்? எதில் தொடங்கினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்? வகுப்பறையில் செய்து பார்த்தவர்கள், துறையில் இருப்பவர்கள், இரண்டு பேருமே சொல்லுங்கள்.

#2 சாக்பீஸ்

மேடம், முதல் வகுப்பில் விளக்கமே சொல்லாதீர்கள். இரண்டு நாடுகளை எதிரெதிரே வையுங்கள்.

காங்கோ ஜனநாயகக் குடியரசு. அமேசானுக்கு அடுத்து உலகிலேயே அதிக நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு ஓடுகிற நாடு. அங்கே மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அடிப்படைக் குடிநீர் வசதி இல்லை. அடுத்து குவைத். நிரந்தரமாக ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை, ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எந்த நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம் என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரிந்தால்தான் பாடம் தொடங்குகிறது.

அந்தச் சூட்டோடு சிங்கப்பூரையும் இழுத்துவிடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. அவ்வளவு பெய்தும் 1962-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி மலேசியாவின் ஜோகூரிலிருந்து நீர் வாங்குகிறது. ஏன்? பெய்கிற மழையைத் தேக்கி வைக்க இடம் இல்லை. அந்த ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. அதைக் கணக்கில் வைத்துத்தான் 2003-லிருந்து கழிவுநீரை மிக நுண்ணிய வடிகட்டிகளில் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், கடல்நீரையும் குடிநீராக்குகிறார்கள். "மழை இருந்தால் தண்ணீர் இருக்கும்" என்ற எண்ணம் இந்த ஒரு ஊரை வைத்தே உடைந்துவிடும்.

#3 நிலவரைபடம்

சாக்பீஸ் சார் சொன்னது முதல் நாளுக்குச் சரி. இரண்டாம் நாள் பிள்ளைகள் கையில் கணக்கு இருக்க வேண்டும். எண் இல்லாமல் பேசினால் தண்ணீர்ப் பாடம் சீக்கிரமே உபதேசமாகிவிடும்.

நான் செய்வது இது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். இதை முதலில் கூரைக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 200 சதுர மீட்டர் கூரை, 10 மில்லிமீட்டர் மழை, 2,000 லிட்டர். எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிறகு ஒரு கற்பனை நாடு. பரப்பு ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர், ஆண்டு மழை 500 மில்லிமீட்டர். மொத்தம் 50 கன கிலோமீட்டர் நீர். அதில் 60 விழுக்காடு ஆவியாகவும் செடிகொடி வழியாகவும் வானத்துக்கே திரும்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். (உலக அளவில் நிலத்தில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அப்படித்தான் போகிறது.) மிஞ்சுவது 20 கன கிலோமீட்டர். மக்கள்தொகை இரண்டு கோடி. தலைக்கு ஆண்டுக்கு 1,000 கன மீட்டர்.

இந்த இடத்தில் மாலின் ஃபால்கென்மார்க் என்ற ஸ்வீடன் நாட்டு நீரியலாளர் வகுத்த அளவுகோலைச் சொல்கிறேன். தலைக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000-க்குக் கீழே பற்றாக்குறை, 500-க்குக் கீழே கடும் பற்றாக்குறை. நம் கற்பனை நாடு கோட்டின் மேலேயே நிற்கிறது. இப்போது ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள். மக்கள்தொகை இரண்டரைக் கோடியானால்? 800. ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் நாட்டிலிருந்து கூடுதலாக 5 கன கிலோமீட்டர் வந்தால்? அந்த நாடு அணை கட்டி அதை நிறுத்திவிட்டால்? வெப்பம் கூடி ஆவியாவது 60-லிருந்து 65 விழுக்காடானால்? எந்த மாற்றம் எவ்வளவு அடிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. ஆண்டுக்கு 1,000 கன மீட்டர் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,740 லிட்டர். யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் எழுந்து, "இவ்வளவு தண்ணீரை யார் செலவழிக்க முடியும்? இதைப் போய்ப் பற்றாக்குறை என்கிறார்களே?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கணக்கு முழுவதும். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள்.

#4 தெளிநீர்

எல்லாரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு கவலை இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒப்பந்தம், அணை, பன்னாட்டு அரசியல் என்று போனால் பிள்ளைகளுக்குக் கடைசியில் என்ன தோன்றும்? "இதில் நான் செய்ய ஒன்றுமில்லை" என்றுதான். வழியும் குழாயை மூடுகிற பழக்கம் இந்த வயதில் வராவிட்டால் எப்போதும் வராது. நான் மாணவர் முகாம் நடத்துகிறவன். கையால் செய்ய ஒரு வேலை கொடுத்தால்தான் பிள்ளைகள் மனதைக் கொடுக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்கிறேன்.

வீட்டுச் சிக்கனம் பெரிய அளவில் உதவாது என்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைக் காட்டுவேன். தொடர்ந்து மூன்று ஆண்டு வறட்சி. 2018 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு. குழாய்களை மூடப்போகும் நாளை நகரமே எண்ணிக்கொண்டிருந்தது. மக்கள் பயன்பாட்டைப் பாதியளவுக்குக் குறைத்தார்கள், அந்த நாள் வரவே இல்லை. தனி மனிதர் பழக்கம் ஒரு பெருநகரத்தைக் காப்பாற்றியது. இதைவிட நல்ல பாடம் எது?

#5 நாலாம் வாய்க்கால்

தெளிநீர் ஐயா, கேப் டவுன் நல்ல பாடம்தான். முழுக் கதையையும் சொன்னால் இன்னும் நல்ல பாடம். அதே பிப்ரவரியில் பக்கத்துப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் சங்கம் ஒன்று, தங்கள் அணைகளில் இருந்த நீரை நகரத்துக்காகத் திறந்துவிட்டது. விவசாயத்துக்கான ஒதுக்கீட்டையும் கடுமையாக வெட்டினார்கள். பிறகு ஜூனில் மழை வந்தது. வீடுகள் குறைத்தது, வயல்கள் விட்டுக்கொடுத்தது, மழை, மூன்றும் சேர்ந்துதான் அந்த நகரம் தப்பியது. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மற்ற இரண்டை விடுவது பிள்ளைகளுக்கு நியாயம் இல்லை.

நிலவரைபடம் கேட்ட 2,740 லிட்டர் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது என் துறை. நான் பாசனப் பணியில் இருப்பவன். உலகம் முழுக்க ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது. வீட்டுக்குழாய்க்கு வருவது எட்டில் ஒரு பங்கு அளவுதான், மீதி தொழிற்சாலை, மின் நிலையங்களுக்கு. ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் உணவை விளைவிக்க 2,000 முதல் 5,000 லிட்டர் வரை தேவைப்படுகிறது. பருத்திச் சட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 2,500 லிட்டர். டோனி ஆலன் என்ற லண்டன் பேராசிரியர் 1990-களில் இதற்கு 'மறை நீர்' என்ற கருத்தை வகுத்தார். நீர் இல்லாத நாடு தானியத்தை இறக்குமதி செய்யும்போது, அந்தத் தானியத்துக்குள் ஒளிந்திருக்கும் நீரையும் சேர்த்தே இறக்குகிறது. மத்திய கிழக்கு நாடுகள் தண்ணீருக்காகப் பெரும்போரில் இறங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது அவர் வாதம். 2008-ல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது.

ஆனால் 70 விழுக்காடு என்று சொன்ன கையோடு விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள், மேடம். இந்த எண்ணைக் கேட்டதும் பிள்ளைகள் அங்கேதான் போவார்கள். எந்தப் பயிருக்கு விலை கிடைக்கும், எந்த மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதை விவசாயி தீர்மானிப்பதில்லை. ஏரல் கடலைக் காட்டுங்கள். 1960 வாக்கில் அது உலகின் நான்காவது பெரிய ஏரி. அதில் சேர்ந்துகொண்டிருந்த ஆமூ தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்திக்காகத் திருப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தது சோவியத் அரசின் திட்டக் குழு, பருத்தி பறித்த கைகள் அல்ல. ஏரி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி அந்த மக்கள் மூச்சில் ஏறியது. 2005-ல் கஜகஸ்தான் ஓர் அணையைக் கட்டி வடக்குப் பகுதியை மட்டும் மீட்டது. அங்கே மீன் திரும்பியிருக்கிறது. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு அது வேண்டும்.

#6 மழைக்குருவி

எல்லாருக்கும் நன்றி. தெளிநீர் சார், உங்கள் கவலை எனக்கும் உண்டு. கையால் செய்யும் வேலை கட்டாயம் வேண்டும். ஆனால் அது போஸ்டராகவும் உறுதிமொழியாகவும் முடிந்துவிடக் கூடாது. பெரிய காரணங்களைப் புரியவைக்கிற கைவேலை யாரிடமாவது இருக்கிறதா? நிலத்தடி நீர் பற்றியும் யாராவது எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் மனதில் பதிய வைப்பதுதான் எனக்குப் பெரிய சிரமம்.

#7 பாறைக்குள் நீர்

நிலத்தடி நீரியல் என் தொழில். இந்த இழையில் என்னைப் பேச விட்டால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கைவேலை. ஓரம் தெளிவாகத் தெரியும் ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் கூழாங்கல், மேலே மணல். ஒரு பக்கம் மணலைச் சரித்து ஒரு பள்ளம் விடுங்கள், அதுதான் ஏரி. தண்ணீரை மணல் மேல் மெதுவாக ஊற்றினால் உள்ளே இறங்கி, கண்ணாடி வழியே ஒரு ஈரக்கோடு தெரியும். பள்ளத்திலும் அதே மட்டத்தில் நீர் நிற்கும். இப்போது பள்ளத்திலிருந்து தள்ளி, மறுகோடியில் ஒரு குழாயைச் செருகி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் உறிஞ்சச் சொல்லுங்கள். குழாயைச் சுற்றி ஈரக்கோடு குழிந்து இறங்கும். கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாத ஏரியின் மட்டம் இறங்கத் தொடங்கும். அந்த நொடியில் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். கிணறும் ஏரியும் ஒரே நீர் என்பதை அதற்குப் பிறகு யாரும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே ஒரு ஓரத்தில் கலர் மையைச் சொட்டினால் மாசு எப்படி நகர்ந்து கிணற்றுக்கு வருகிறது என்பதும் அதே தொட்டியில் தெரியும்.

இரண்டாவது, காலம். எல்லா நிலத்தடி நீரும் மழை பெய்தால் ஊறிவிடும் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். சகாராவின் அடியில், லிபியா, எகிப்து, சூடான், சாட் நாடுகளுக்குக் கீழே கிடக்கும் நுபிய மணற்பாறை நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், அந்தப் பாலைவனத்தில் மழை பெய்த காலத்தில் இறங்கியது. இன்று எடுப்பது திரும்பி வராது. லிபியா பிரம்மாண்டக் குழாய்கள் போட்டு அதைத்தான் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுபோகிறது. சவூதி அரேபியா இத்தகைய பழைய நீரை இறைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து, 1990-களின் தொடக்கத்தில் ஏற்றுமதியே செய்தது. 2008-ல் அந்தக் கோதுமைத் திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தது. சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்துகொண்டே வருமானம் என்று சொல்லிக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

மூன்றாவது, எடுத்த பிறகு நிலத்துக்கு என்ன ஆகிறது. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகையின் களிமண் மேல் நிற்கிறது. அடியிலிருந்து இறைக்க இறைக்கக் களிமண் நசுங்குகிறது, சில இடங்களில் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்கிறது. நசுங்கிய களிமண் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழையபடி விரியாது. நிலம் இறங்கும்போது குழாய்கள் முறிகின்றன, முறிந்த குழாய் கசிகிறது, கசிந்ததை ஈடுகட்ட இன்னும் இறைக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று, இந்த வயதுப் பிள்ளைகள் இதில் மயங்கிப் போவார்கள். 2002-ல் கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். ஒன்றின் பின் ஒன்றாகப் பறந்து, தங்களுக்கு இடையிலான தூரத்தை மிக நுட்பமாக அளந்துகொண்டே போகும். கீழே நீர் குறைந்த இடத்தில் ஈர்ப்பு விசை இம்மி குறையும், தூரம் இம்மி மாறும். பூமிக்கு அடியில் நீர் குறைவதை வானத்திலிருந்து எடை போடுகிறார்கள்! 2018-லிருந்து அடுத்த ஜோடி அந்த வேலையைச் செய்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கே இன்றும் சிலிர்க்கிறது.

#8 குழாய்த்தடம்

நகரக் குடிநீர் வழங்கலில் பொறியாளர். இதுவரை எல்லாரும் நீர் 'எங்கிருந்து வருகிறது' என்பதைப் பேசினீர்கள். வந்த நீர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்பதும் நாட்டின் நீர்வளக் கணக்குதான்.

டோக்கியோவில் 1950-களில் சுமார் 20 விழுக்காடு நீர் குழாயிலேயே கசிந்து போனது. இன்று சுமார் 3 விழுக்காடு. இரவில் போக்குவரத்து அடங்கிய பிறகு ஊழியர்கள் இரும்புக் கோலைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, கசிவின் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடிப்பார்கள். உலகின் பல நகரங்களில் கசிவு இதைப் போல் பத்து மடங்கு. ஒரு புது அணைக்கு ஆகும் செலவையும் பழைய குழாயை மாற்ற ஆகும் செலவையும் பிள்ளைகளை ஒப்பிடச் சொல்லுங்கள். குழாயை மாற்றினால் திறப்பு விழா கிடையாது, அதனால்தான் அந்த வேலை தள்ளித் தள்ளிப் போகிறது.

தெளிநீர் சார் கேட்ட கைவேலை ஒன்று தருகிறேன். பள்ளி மூடும்போது தண்ணீர் மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் காலை, யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. (மேல்தொட்டி இரவில் நிரம்புகிற ஏற்பாடு இருந்தால் தொட்டி வால்வை மாலையே மூடிவிட வேண்டும்.) நாங்கள் நகர அளவில் செய்வதும் இதுதான். நள்ளிரவு கடந்து, ஊர் தூங்குகிற நேரத்து ஓட்டத்தை அளந்து கசிவைக் கணிக்கிறோம். கசிவைக் கண்டுபிடித்த பிள்ளைகள் ஒரு இரவின் இழப்பை ஓர் ஆண்டுக்குப் பெருக்கி, நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். பழக்கமும் அமைப்பும் ஒரே வேலையில் வந்துவிடும்.

தரத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய ஏரி நீரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்றுக்கு மாறினார்கள். அந்த நீர் குழாயை அரிக்கும் தன்மையுடையது. அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கலக்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகள் இரத்தத்தில் ஏறியது. ஏரிகள் சூழ்ந்த மாநிலம், உலகின் மிகப் பணக்கார நாடு. தண்ணீர் அளவில் ஒரு சொட்டும் குறையவில்லை. இருந்தும் மக்கள் பாட்டில் நீரை வாங்கிக் குளித்தார்கள். ஆய்வக அறிக்கையையும் மருத்துவரின் தரவையும் ஊர்மக்கள் சேர்ந்து முன்வைத்த பிறகுதான், 2015 அக்டோபரில் பழைய நீருக்குத் திரும்பினார்கள்.

#9 பின்பெஞ்ச்

வணக்கம். எனக்கு 16 வயசு. இந்த இழையில பசங்க யாரும் பேசலையேன்னு எழுதுறேன்.

மழைக்குருவி மிஸ் சொன்னது உண்மை. தயவுசெஞ்சு போஸ்டர் வரையச் சொல்லாதீங்க. சின்ன வகுப்புலேர்ந்து அதே ஒழுகுற குழாயைத்தான் வரையுறோம்.

எங்க வகுப்புல ஒரு தடவை ஆத்து விளையாட்டு வெச்சாங்க, அது எனக்கு இன்னும் மறக்கல. மூணு மேசை, மூணு நாடு. ஒரே கேன் தண்ணி. முதல் மேசை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத்தான் அடுத்த மேசைக்குக் குடுக்கணும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு அட்டை. முதல் நாட்டுல பாதி வீட்டுக்கு மின்சாரம் இல்ல, நடு நாட்டுல வயல், கடைசி நாடு பாலைவனம், வேற ஆறே கிடையாது. நான் கடைசி மேசை. எங்களுக்கு வந்தது பாதி டம்ளர்கூட இல்ல. நான் கத்த ஆரம்பிச்சேன். முதல் மேசைப் பொண்ணு எந்திரிச்சு, "மழை பெய்யுறது எங்க மலையில. எங்க வீட்டுல விளக்கு எரியக் கூடாதா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரல.

அப்புறம் ஒப்பந்தம் எழுதச் சொன்னாங்க. ஆளுக்கு இத்தனை டம்ளர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அடுத்த சுத்துல மிஸ் கேன்ல பாதிதான் ஊத்தினாங்க. மழை குறைஞ்ச வருஷம். எங்க ஒப்பந்தத்துல அதுக்கு ஒரு வரிகூட இல்ல! மறுபடி சண்டை. அதுக்கப்புறம்தான் நைல் நதி, எகிப்து, எத்தியோப்பியா அணை பத்திச் சொன்னாங்க. வறட்சி வந்தா அணையிலேர்ந்து எவ்வளவு விடணுங்கறதுலதான் அவங்க பேச்சுவார்த்தை திரும்பத் திரும்ப சிக்குச்சுன்னு கேட்டப்போ, எங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

ஒரு சந்தேகம். கடல் இவ்வளவு பெருசா இருக்கே, எல்லா நாடும் கடல் தண்ணியைச் சுத்தம் பண்ணிட்டா பிரச்சினை முடிஞ்சிடாதா? இதை வகுப்புல கேட்டா "செலவு அதிகம்"னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க.

#10 பாறைக்குள் நீர்

தம்பி, அருமையான பதிவு. உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லக் கூடாதுதான்.

கடல்நீரை அழுத்தி நுண்சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்க, இன்றைய நல்ல ஆலைகளுக்கு ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு, 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். குடிக்க, சமைக்க, குளிக்க இது தாங்கக்கூடிய அளவுதான். இஸ்ரேல் 2005-லிருந்து வரிசையாக ஆலைகள் கட்டி வீட்டு நீரில் பெரும்பகுதியை இப்படி எடுக்கிறது. குவைத்தும் கத்தாரும் குடிநீருக்கு இதையே நம்பியிருக்கின்றன.

இனி நாலாம் வாய்க்கால் ஐயா சொன்ன 2,000 முதல் 5,000 லிட்டரை நினைத்துப் பார். வயலுக்குத் தேவையானதையும் கடலிலிருந்து எடுப்பதென்றால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை யூனிட்? அதைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு, மேட்டுக்கு ஏற்ற எவ்வளவு? பிரித்த உப்புக் கரைசலை எங்கே விடுவது? கடலே இல்லாத நாடு என்ன செய்யும்? கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வா, பேசுவோம். இஸ்ரேல்கூடப் பாசனத்துக்குப் பெரிதும் நம்புவது கழிவுநீரைச் சுத்திகரித்த நீரைத்தான். தன் கழிவுநீரில் 90 விழுக்காட்டுக்கு நெருக்கமாக அப்படித் திரும்பப் பயன்படுத்துகிறது.

#11 நிலவரைபடம்

பின்பெஞ்ச் சொன்ன "மழை குறைஞ்ச வருஷம்" அப்படியே கொலராடோ ஆற்றின் கதை. 1922-ல் ஏழு அமெரிக்க மாநிலங்கள் அந்த ஆற்றைப் பங்கு போட்டு எழுதிக்கொண்டன. பங்கிடுவதற்குக் கையில் இருந்த அளவீடுகள் அதற்கு முந்தைய சில ஆண்டுகளுடையவை. பிற்காலத்தில் மரங்களின் ஆண்டு வளையங்களை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் பார்த்தபோது, அவை அபூர்வமாக ஈரமான ஆண்டுகள் என்று தெரிந்தது. காகிதத்தில் இருக்கும் நீர் ஆற்றில் இருந்ததே இல்லை. 1944-ல் மெக்சிகோவுக்கும் ஒரு பங்கு சேர்ந்தது. இன்று பெரும்பாலான ஆண்டுகளில் அந்த ஆறு கடலைத் தொடுவதில்லை.

இதை வகுப்பில் செய்வது சுலபம். முப்பது ஆண்டு மழை அளவைப் பலகையில் எழுதுங்கள். ஒரு குழுவுக்கு முதல் பத்து ஆண்டு மட்டும், இன்னொரு குழுவுக்கு நடுப் பத்து, மூன்றாம் குழுவுக்கு முப்பதும். "இந்த நாட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு நீர் என்று வாக்குக் கொடுக்கலாம்?" என்று கேளுங்கள். மூன்று குழுவும் மூன்று பதில் சொல்லும். சராசரி என்பது எந்த ஆண்டுகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று புரிந்துவிட்டால் காலநிலை மாற்றத்துக்குள் நுழைவது எளிது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மண் வேகமாகக் காய்கிறது, பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. கோடை வரை தேங்கி நின்று மெல்ல உருக வேண்டிய மலைப்பனி முன்னதாகவே உருகி ஓடிவிடுகிறது. ஆண்டுக் கூட்டுத்தொகை மாறாமலே, பயிருக்கு வேண்டிய மாதத்தில் ஆறு வற்றிக் கிடக்கலாம்.

#12 தெளிநீர்

மீட்டர் யோசனையை அடுத்த முகாமில் கட்டாயம் செய்கிறேன், குழாய்த்தடம் சார். ஆற்று விளையாட்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நாடுகள் என்றாலே சண்டை என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுமோ என்பது மட்டும் உறுத்துகிறது.

#13 சாக்பீஸ்

அதற்கு செனகல் ஆறு இருக்கிறது, தெளிநீர். மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972-ல் ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கின. பெரிய அணைகள் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தம் இல்லை, எல்லாருக்கும் பொதுச் சொத்து. மின்சாரத்தையும் நீரையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மேலே இருக்கும் கினியாவும் 2006-ல் சேர்ந்துகொண்டது. இந்த நாடுகளுக்குள் வேறு பூசல்கள் வந்தன, செனகலும் மொரிட்டானியாவும் 1989-ல் மோதிக்கொண்டன. ஆற்று அமைப்பு உடையவில்லை.

ரைன் ஆற்றையும் சேர்க்கலாம். 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே ஒரு இரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, தீயணைத்த நீரோடு விஷம் ஆற்றில் கலந்து ஆறே சிவந்து ஓடியது. கீழே நெதர்லாந்து வரை குடிநீருக்கு எடுப்பதை நிறுத்தினார்கள். அந்த அதிர்ச்சியில்தான் மறு ஆண்டே கரையோர நாடுகள் கூடி ஒரு மீட்புத் திட்டம் போட்டன. சால்மன் மீன் திரும்பியது. பின்பெஞ்ச் விளையாட்டில் மூன்றாவது சுற்று ஒன்று சேர்த்து, "அணையை மூன்று நாடும் சேர்ந்து கட்டலாம், ஆனால் சாவி யாரிடம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

#14 மழைக்குருவி

என் திட்டம் இப்போது உருவாகிவிட்டது. காங்கோ-குவைத் கேள்வியில் தொடக்கம், பிறகு கற்பனை நாட்டுக் கணக்கு. அதே கற்பனை நாட்டைக் கடைசி வரை கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அதற்கு அடியில் ஒரு பழைய நீர்ப்பாறை, மேலே ஒரு அண்டை நாடு, தலைநகரில் கசியும் குழாய்கள், ஏற்றுமதிக்கு ஒரு தண்ணீர் குடிக்கும் பயிர். தொட்டியும் சிரிஞ்சும், மீட்டரும், ஆற்று விளையாட்டும் அந்தந்த இடத்தில் வரும். தேர்வுக்குப் பதிலாக, ஒவ்வொரு குழுவும் அந்த நாட்டின் நீர் அமைச்சகமாக உட்கார்ந்து ஒரே ஒரு முடிவை மட்டும் எடுக்க வேண்டும். அந்த முடிவால் யாருக்கு நீர் கிடைக்கிறது, யாருக்குக் குறைகிறது என்று இரண்டையும் எழுத வேண்டும். குறைகிறவர் பெயர் இல்லாத பதிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கற்பனை நாட்டுக்குப் பிறகு நிஜ நாடுகளின் எண்கள் வேண்டும். பிள்ளைகளே எடுக்கிற மாதிரி எங்கே கிடைக்கும்?

#15 நிலவரைபடம்

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அக்வாஸ்டாட் தரவுத்தளம். இலவசம், நாடு வாரியாக இருக்கிறது. மொத்த நீர், தலைக்கு எவ்வளவு, விவசாயத்துக்கு எத்தனை விழுக்காடு எல்லாம் கிடைக்கும்.

அதில் ஒரு நாட்டின் நீரில் எவ்வளவு எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது என்று காட்டும் விகிதம் ஒன்று உண்டு. அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். எகிப்துக்கு 95 விழுக்காட்டுக்கு மேல் என்பது யாருக்கும் வியப்பாக இருக்காது. நெதர்லாந்துக்கும் 80-க்கு மேல் என்று பார்த்ததும் திகைப்பார்கள். இரண்டுமே ஆற்றின் கடைக்கோடியில் இருக்கும் நாடுகள். ஒன்று ஒவ்வொரு அணைச் செய்திக்கும் பதறுகிறது, மற்றொன்று அவ்வளவாகப் பதறுவதில்லை. மழை, ஒப்பந்தம், பணம், அண்டை நாடு, இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று ஒரு பாட வேளை முழுக்க விவாதிக்க விட்டுவிடுங்கள்.